வாஷர், ஜல்லி, மகரந்தம்

எங்கள் தெருவில் அப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் அடிபம்ப் இருந்தது. குழாய்த் தண்ணீர் வராத காலம். விடிவதற்கு முன்பே எங்கோ ஒரு பம்ப் தொடங்கும். தொடர்ந்து இன்னொன்று, பிறகு தெரு முழுக்க. படுக்கையில் புரண்டபடியே எது யார் வீட்டுப் பம்ப் என்று சொல்லிவிடலாம். எதிர்வீட்டுப் பம்ப் கிறீச்சிடும். மூலைவீட்டுப் பம்ப் ஒவ்வோர் அடிக்கும் ‘ணங்’ என்று இடிக்கும். எங்கள் வீட்டுப் பம்ப் முனகும். அந்தச் சத்தங்களுக்குப் பின்னால் முதல் மின்சார ரயில் குரோம்பேட்டை ஸ்டேஷனை விட்டுப் பல்லாவரம் பக்கம் கிளம்பும் ஓசை.

அவ்வப்போது பம்ப் படுத்துவிடும். “வாஷர் போச்சு” என்பார் அப்பா. பம்ப் ரிப்பேர்காரர் சைக்கிளில் வருவார். மூடியைக் கழற்றி, தண்டை உருவி, கறுத்துப் போன பழைய தோலை எடுத்துத் தரையில் போடுவார்.

“அம்மா, ஒரு கரண்டி விளக்கெண்ணெய் குடுங்க.”

“புதுசு எத்தனை நாள் தாங்கும்ப்பா?”

“நல்ல தோலும்மா. காய விடாம பாத்துக்குங்க, அது போதும்.”

புதுத் தோல் எண்ணெயில் ஊறும். அவர் போனதும் பழைய வாஷரை நான் எடுத்து வைத்துக்கொள்வேன். இட்லித் தட்டின் குழி போல விளிம்பு நிமிர்ந்த ஒரு கிண்ணம், நடுவில் ஒரு துளை. இதை ஏன் சேர்த்தேன் என்று கேட்டால் இன்றும் பதில் தெரியாது. ஒன்று மட்டும் வீடு மாறாமல், மேசை இழுப்பறை மாறாமல் என்னோடு தங்கிவிட்டது.

அது செய்த வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கைப்பிடியை அழுத்தினால் உள்ளே தண்டு மேலே வரும். தோலின் விளிம்பு உருளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு மேலே இருக்கும் தண்ணீரைத் தூக்கும்; கீழே வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்ப நிலத்தடி நீர் ஏறி வரும். ஏற்றிவிடுவது வெளியே நிற்கும் காற்றின் எடை. காற்றழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் வரைதான் தூக்கும். கசிவு, தேய்மானம் போக நடைமுறையில் ஏழெட்டு மீட்டர். தலைக்கு மேலே வானம் முட்ட நிற்கும் காற்று ஒரு பக்கம், காலுக்குக் கீழே இருட்டில் கிடக்கும் நீர் ஒரு பக்கம். நடுவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு தோல். இதை நம்பித்தான் தெருவே சமைத்தது, குளித்தது, துவைத்தது.

நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் பம்ப் வெறும் காற்றை இழுக்கும். தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி, அது ஊறி விரியும்வரை காத்திருந்து அடிக்க வேண்டும். அந்த ஒரு சொம்பைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் அம்மா ஊருக்குக் கிளம்புவாள்.

பிற்பாடு ஓவியம் கற்றுக்கொள்ளப் போனேன். ஆசிரியர் பூவையோ பழத்தையோ வைத்து வரையச் சொல்லவில்லை. “உங்க வீட்டிலேருந்து ஒரு பொருள் கொண்டாங்க. கைக்குள்ள அடங்கணும். அழகா இருக்கணும்னு அவசியமில்லை” என்றார். வாஷரை எடுத்துப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதையே வரைங்க. போதும்னு நான் சொல்ற வரைக்கும் வேற எதையும் தொடாதீங்க.”

முதலில் ஒரு வட்டமும் உள்ளே ஒரு வட்டமும் வந்தன. நாட்கள் செல்லச் செல்லத்தான் பொருள் தன்னைக் காட்டத் தொடங்கியது. நடுத்துளையைச் சுற்றி போல்ட் அழுத்திய இடத்தில் துருவின் வளையம். விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து காகிதமாக மெலிந்திருந்தது. கைப்பிடி வில்லாக வளைந்து இறங்கும்போது தண்டு ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வை வருடக்கணக்கில் தாங்கிய பக்கம் அது. தோலின் மேல்புறத்தில், பென்சில் முனையால் மட்டுமே தொட்டுவிடக்கூடிய நுண்ணிய புள்ளிகள். ரோமம் முளைத்திருந்த துளைகள் அவை. அதுவரை எனக்கு அது பம்ப்பின் பாகம். அன்றைக்குத்தான் அது ஒரு காலத்தில் வெயிலிலும் மழையிலும் நடந்து திரிந்த உயிரின் உடம்பு என்று கை உணர்ந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

துளையின் ஓரத்தில் வெட்டுப்பட்ட இடம் சாம்பல் கலந்த நீலப்பச்சையாக இருந்தது. அந்த நிறம் என் கலவையில் வரவில்லை. விரிடியனைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். சேர்த்ததும் வந்துவிட்டது. வராமல் எப்படி? விரிடியன் என்ற பச்சை குரோமியத்தின் சேர்மம். தோலைப் பதப்படுத்தியதும் குரோமிய உப்பு. குரோமியத்தில் ஊறிய ஈரத்தோல் நீலம் பாரித்துத்தான் இருக்கும். தண்ணீர்க்கலர் டியூபில் குரோம் எல்லோ என்று ஒன்று உண்டே, அதுவும் அதே தனிமம்தான். 1888இல் வான்கோ சூரியகாந்திகளை வரைந்த மஞ்சள் அது. வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும் குணமுள்ளது. என் கலர்ப்பெட்டியும், இழுப்பறையில் கிடந்த வாஷரும், ரயில்வே ஸ்டேஷனின் பெயர்ப்பலகையும் ஒரே தனிமத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்த நாள் எனக்கு மறக்காது.

ஊருக்குப் பெயர் தந்தது சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நடத்திய குரோம் தோல் தொழிற்சாலை என்பதும், சேம்பர்ஸ் காலனி அவர் நினைவாக நிற்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு முந்தைய கதையை அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. சென்னை மாகாணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையை 1903இல் தொடங்கியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். தொடங்கிய இடம் ஓவியக் கல்லூரி! எழும்பூருக்குப் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த அதே கலைப்பள்ளி. 1898இல் அங்கேதான் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யவும் தொடங்கியிருந்தார். கிணற்றிலிருந்து கமலை இறைக்கும் தோல் சால்கள் சீக்கிரம் அழுகிவிடுகின்றன, குரோம் தோல் தண்ணீரில் நீண்ட நாள் தாங்கும் என்பது அவருடைய எண்ணங்களில் ஒன்று. தண்ணீர் தூக்கும் தோல் ஓர் ஓவியப் பள்ளியில் சோதிக்கப்பட்டது. அந்த வாஷரை ஓவியமாக வரைய உட்கார்ந்தவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்!

இந்தத் தொழிலின் மறுபக்கத்தையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவு இறங்கி நிலத்தடி நீர் கெட்டது. பல இடங்களில் கிணறு இருந்தும் குடிக்க முடியவில்லை. தண்ணீரைத் தூக்கிக் கொடுத்த தனிமம் தண்ணீரைக் கெடுக்கவும் செய்தது. வாஷரின் நீல ஓரத்தை வரையும்போதெல்லாம் இதுவும் என் கண்முன் இருக்கும்.

கலைப்பள்ளியைச் சொன்னால் கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்லாமல் முடியாது. அதன் முதல்வராக இருந்தவர். 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். கணிதக் குறிகள், எண்கள், பின்னர் ஜாதகக் கட்டங்கள், எழுத்து மாதிரியான கிறுக்கல்கள் என்று மூலையில் கிடக்கும் தாளில் நாம் பார்த்துவிட்டுத் தள்ளும் சமாசாரங்களை எடுத்துத் திரைச்சீலை முழுக்க நிறுத்தினார். 1966இல் அவரும் மாணவர்களும் பாடிக் துணி, கைவினைப் பொருள் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். நான் முதன்முதலாக அங்கே போன நாளில், ஓவியங்களைவிட மணல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மரநிழலில், சிற்பங்களின் காலடியில், எங்கும் கடற்கரை மணல்.

அந்தக் கிராமத்தின் தொடக்ககால ஓவியர்களில் ஒருவரான வி. விஸ்வநாதன், பாரிஸில் குடியேறிய பிறகும், இந்தியக் கரையோரங்களில் பயணம் செய்து மணல் சேகரித்தவர். 1982இல் ‘மணல்’ என்றே ஒரு படம் எடுத்தார். ஒவ்வொரு கரையின் மணலும் ஒவ்வொரு நிறம். இதற்காக ஒரு மனிதர் இவ்வளவு தூரம் அலைவாரா என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் கடற்கரையிலேயே ஒரு கைப்பிடி மணலை வெள்ளைத் தாளில் கொட்டிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கறுப்பு, தேன்நிறம், கண்ணாடி வெண்மை, அங்கங்கே செம்மணி. எந்தத் துகளும் பக்கத்துத் துகளைப் போல இராது.

மணலென்றால் எங்களுக்கு வீடு கட்டுகிற மணல். குரோம்பேட்டையில் எந்தத் தெருவிலும் எப்போதும் யாராவது கட்டிக்கொண்டிருப்பார்கள். தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் முக்கால் ஜல்லி. பள்ளி விட்டு வந்ததும் மணலில் குகை தோண்டுவோம்; ஜல்லியில் ஏறிச் சறுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொள்வோம். அந்த ஜல்லியில் ஒரு கல்லை வாஷருக்குப் பிறகு வரைந்தேன். தூரத்தில் வெறும் கறுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுக்கம், ஊடே நீலச் சாயல் ஏறிய குவார்ட்ஸ் மணிகள். இண்டிகோவும் பர்ன்ட் அம்பரும் கலந்து கலந்து தாள் ஊறிப்போயிற்று.

திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த இனத்தைச் சேர்ந்தது. அதை வைத்து ஹாலண்ட் என்ற புவியியலாளர் சூட்டிய பெயர். பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மீன் இல்லை, புல் இல்லை, கண் என்ற உறுப்பே உலகத்தில் இல்லாத காலத்தில் உருவான கல். அதை உடைத்துச் சல்லடையில் சலித்து, லாரியில் ஏற்றி, எங்கள் தெருவில் கொட்டி, சிமெண்டோடு கலந்து மேல்மாடி கட்டினோம். எங்கள் வீட்டுத் தளத்துக்குள்ளும் அது இருக்கிறது. தரையில் படுத்துக்கொண்டு இதை நினைத்தால் தூக்கம் போய்விடும்.

அதே பல்லாவரம். அடுத்த ஸ்டேஷன்தான். 1863ஆம் வருடம் மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளம் புவியியலாளர் அங்கே ராணுவ மைதானத்தின் சரளைக் குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டார். குவார்ட்ஸைட் கல். யாரோ வேண்டுமென்றே செதுக்கியது என்பது அவருக்குப் பார்த்ததும் புரிந்தது. இந்தியாவில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளம் கண்ட முதல் கற்கருவி அதுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் சக புவியியலாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கண்டார். அத்திரம்பாக்கக் கருவிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவரோடு உழைத்தவர்களும் 2011இல் நிறுவினார்கள். ஒரு கையளவு கல்லைக் குனிந்து எடுத்தார் ஒருவர். அதனால் நம்முடைய காலம் பின்னோக்கி அத்தனை தூரம் நீண்டது. சரளைக் குழியில் அன்றைக்கு வேலை செய்தவர்களும் அந்தக் கல்லைப் பார்த்திருக்கலாம். அவர் நின்றார்.

நின்று பார்ப்பது என்றதும் கொலு நினைவுக்கு வருகிறது. அம்மாவின் கொலுவில் பொம்மைகளைவிட பார்க்தான் விசேஷம். படிகளுக்கு முன்னால் மணலைப் பரப்பி, மகாளய அமாவாசைக்குச் சில நாள் முன்பே கடுகும் கேழ்வரகும் தூவிவிடுவாள். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும். தீக்குச்சி வேலி. குன்றின்மேல் ஒரு முருகன். எங்கள் ஊர்க் குமரன் குன்றம்தான் அது. நவராத்திரி பிறக்கும்போது கடுகு முளைத்துச் சின்னஞ்சிறு காடாகியிருக்கும். தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்து அந்தக் காட்டுக்குள் பார்ப்பேன். மண் கட்டி மலையாகத் தெரியும், எறும்பு யானையாகத் தெரியும். விஜயதசமி இரவு ஒரு மரப்பாச்சியைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பாள். முளைத்த கடுகு தோட்டத்துக்குப் போகும். இன்ஸ்டலேஷன், நிர்மாணக் கலை என்றெல்லாம் பின்னாளில் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஓர் இடத்தைச் சுத்தம் செய்து, சிறிய பொருட்களை வைத்து, அதற்குள் நம்மைக் குனிய வைத்து, காலம் முடிந்ததும் கலைத்துவிடுகிற கலை எங்கள் கூடத்திலேயே ஆண்டுதோறும் நடந்தது.

உல்ஃப்காங் லைப் என்ற ஜெர்மானியக் கலைஞரைப் பற்றி அறிந்தபோது அம்மாவின் கடுகு வயல்தான் கண்ணில் வந்தது. 1950இல் பிறந்தவர், மருத்துவம் படித்துவிட்டு, வைத்தியம் பார்க்காமல் கலைக்கு வந்தார். 1975இல் வெள்ளைப் பளிங்குப் பலகையை மிக மெல்லிய பள்ளமாகத் தேய்த்து, அதில் விளிம்பு வரை பால் ஊற்றினார். பளிங்கு எங்கே முடிகிறது, பால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தினமும் துடைத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். அபிஷேகம் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவர் வீடு வைத்துக்கொண்டு வேலை செய்துவருகிறார் என்பதில் ஆச்சரியமும் இல்லை.

அவர் சேர்ப்பது மகரந்தம். வசந்தம் தொடங்கி மாதக்கணக்கில், தன் ஊரைச் சுற்றிய வயல்வெளிகளில் பூப்பூவாகத் தட்டிச் சேர்த்தால் ஒரு பருவத்துக்குச் சில கண்ணாடி ஜாடிகள் தேறும். அதைச் சல்லடையால் தரையில் தூவுகிறார். 2013இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 18 அடிக்கு 21 அடி பரப்பில் தூவிய மஞ்சள் அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய ‘ஏற முடியாத ஐந்து மலைகள்’. 1984இல் செய்தது. தரையில் ஐந்து சிறு மகரந்தக் கூம்புகள், அவ்வளவுதான். ஒரு விரல் உயரம் இருக்கும். ஒரு தும்மல் போதும், ஐந்து மலையும் போய்விடும்.

குவியலால் மலைக்க வைக்கும் கலையும் உண்டு. எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி சுபோத் குப்தா 2006இல் செய்த பிரம்மாண்டமான மண்டையோட்டை எத்தனையோ பேர் வியந்து பார்த்தார்கள். எனக்கு அந்த வழி ஒட்டவில்லை. ஆயிரம் சொம்புகளுக்கு நடுவே ஒரு சொம்பின் வயிற்றில் இருக்கும் நெளிவு காணாமல் போகிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியாலின் வழி எனக்கு நெருக்கம். விதைகள், மரப்பட்டைத் தூள், சாம்பிராணி என்று வாசனையுள்ள, சுலபமாக அழியக்கூடிய பொருட்களில் உருவங்கள் செய்கிறார். 2014 கொச்சி பியன்னாலேயில் அவை இருந்தன. அந்த பியன்னாலேயை வடிவமைத்தவர் ஜிதிஷ் கல்லட்.

கல்லட்டின் ஒரு படைப்பைச் சொல்லியாக வேண்டும். அவருடைய தந்தை 1936இல் பிறந்து 1998இல் மறைந்தார். அந்த ஆயுளில் வானில் வந்துபோன நிலவுகளைக் கணக்கிட்டால் 22,000க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரொட்டி. முழு ரொட்டி பௌர்ணமி. கடித்துத் தின்னத் தின்னத் தேய்பிறை. வரிசை வரிசையாக அந்தப் புகைப்படங்களின் நடுவே நடந்து, கடைசிப் பிறையை அடையும்போது ஒரு மனிதரின் வாழ்நாள் முடிகிறது. ஒருவர் தின்ற உணவும் அவர் தலைக்குமேல் கடந்த வானமும் ஒரே வட்டத்தில்.

அதைப் பார்த்த நாளிலிருந்து அம்மாவின் கை என் நினைவில் ஓயாமல் மேலும் கீழும் போய்வருகிறது. ஒரு குடத்துக்கு எத்தனை அடி, ஒரு நாளைக்கு எத்தனை குடம், எத்தனை ஆண்டுகள்? கணக்குப் போடவில்லை; போட மனம் வரவில்லை. வாஷரின் தேய்ந்த பக்கத்தில் அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. நான் வரைந்துகொண்டிருந்தது தோலின் தேய்மானம் என்று நினைத்திருந்தேன். அது அவளுடைய விடியற்காலைகள். தோலும் இரும்பும் கையும் சேர்ந்து தேய்ந்து, நாங்கள் வளர்ந்தோம்.

பம்ப்புகளின் காலம் ஏன் முடிந்தது என்பதற்கும் காரணம் அந்த ஏழெட்டு மீட்டர்தான். வீடுகள் பெருகின, ஏரிகள் சுருங்கின, நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. அவ்வளவு ஆழத்திலிருந்து காற்றால் தண்ணீரை ஏற்ற முடியாது. போர் போட்டு மோட்டார் இறக்கினோம். பம்ப்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. சிமெண்ட் மேடை மட்டும் மிஞ்சியது.

ஒரு நவராத்திரிக்கு அந்த மேடையைக் கழுவி, வாஷரையும் முக்கால் ஜல்லிக் கல் ஒன்றையும், இவற்றுக்கு நடுவே ஒரு சொம்பில் தண்ணீரையும் வைத்தேன். வேறு எதுவும் இல்லை. சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் “இது என்ன அங்கிள்?” என்று கேட்டுக் குனிந்தார்கள். கல்லின் வயதைச் சொன்னதும் ஒரு பெண் குழந்தை அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டது. தெருவில் முழுக்க அதே கல்தான் கிடக்கிறது, தினமும் அதை மிதித்துத்தான் பள்ளிக்குப் போகிறாள், ஆனாலும் கேட்டாள். எதிர்வீட்டு மாமி மட்டும் எதையும் கேட்கவில்லை. வாஷரைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. “நம்ம பம்ப்போடதாடா? காய விட்டுட்டியே” என்றார். சொம்பிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்து அதன்மேல் தெளித்தார்.

சிறிய பொருளில் பெரிய உண்மையைக் கலைஞர் கொண்டுவந்து வைப்பதாக நான் நம்பவில்லை. அது அங்கேயே இருக்கிறது. நமக்குத்தான் நிற்க நேரமில்லை. வரைவதும், ஒரு வெற்றிடத்தில் எடுத்து வைப்பதும் நம்மை நிறுத்தும் வழிகள். நிறுத்தப்பட்டால் போதும், பொருள் பேசும். ஓவியம் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. கோணலாக வரைந்தாலும் கண் அந்த நேரத்தில் அங்கேதான் இருக்கும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1904இல் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பை வாங்கியது. நம் ஊர்ப்பக்கத்து மண்ணிலிருந்து வந்த கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கினால் பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, ஒரே ஒரு கல்லின் முன்னால் உட்கார வையுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.